விலை அதிகம் என்று வழக்குப் போட முடியுமா?

"விலை தாறுமாறாக ஏறிவிட்டது சார், நுகர்வோர் கோர்ட்டில் ஒரு கேஸ் போட்டுவிடலாமா?" கிருஷ்ணகிரியில் நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்பதால் இந்தக் கேள்விக்கு நான் பழகிவிட்டேன். தக்காளி விலை எகிறும் மாதத்தில் வரும், பள்ளி திறக்கும் ஜூனில் வரும், சிலிண்டர் விலை கூடியதும் வரும். முடியாது என்பதுதான் பதில். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். ஆனால் அந்த 'முடியாது' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டால், முடிகிற காரியங்கள் நிறையவே இருக்கின்றன.

நுகர்வோர் கோர்ட் என்று நாம் சொல்லும் நுகர்வோர் ஆணையம் எந்தப் பொருளுக்கும் விலை நிர்ணயிக்காது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான்கு விலைகளில் ஒன்றை மீறி நம்மிடம் பணம் வாங்கியிருந்தால்தான் விலை பற்றிய புகார் நிற்கும். சட்டம் நிர்ணயித்த விலை, பொருளின் மேல் அச்சிட்ட விலை, கடையின் விலைப்பட்டியலில் உள்ள விலை, இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட விலை. "அநியாய விலை" என்று எழுதிக்கொண்டு வந்தால் மனுவுக்கு எண் கொடுத்து ஏற்பதே சிரமம். "பில்லில் இவ்வளவு, என்னிடம் வாங்கியது இவ்வளவு" என்று எழுதினால் எதிர்த்தரப்பு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இதற்கு சமையல் எரிவாயுவை விடச் சிறந்த உதாரணம் இல்லை. கிருஷ்ணகிரி நகரை ஒட்டிய ஒரு குடியிருப்பு; ஏஜென்சி எது என்பது இங்கே தேவையில்லை. சிலிண்டர் வந்து இறங்கும்போது பில் தொகைக்கு மேல் ஐம்பது ரூபாய், மாடி வீடென்றால் எழுபது. கொடுக்க மறுத்தால் அடுத்த முறை "வீடு பூட்டியிருந்தது" என்று பதிவாகி சிலிண்டர் திரும்பிப் போய்விடும். ஏஜென்சியின் இலவச விநியோக எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்குச் சிலிண்டரைக் கொண்டுவந்து கொடுக்கும் செலவு பில் தொகையிலேயே அடக்கம். விநியோகஸ்தருக்குக் கிடைக்கும் கமிஷனில் விநியோகக் கட்டணம் என்றே தனியாக ஒரு பங்கு உண்டு. நாமே குடோனுக்குப் போய் எடுத்துக்கொண்டால் அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டுதான் பணம் வாங்க வேண்டும். எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தத் தெருவில் சுய உதவிக் குழு நடத்தும் ஓர் அம்மாள் என்னிடம் வந்தபோது கையோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். பிள்ளைகளின் பழைய கணக்கு நோட்டு. தேதி, பில் எண், பில் தொகை, கொடுத்த தொகை, கையெழுத்து என்று கோடு போட்டு, ஏறக்குறைய தெருவின் எல்லா வீடுகளையும் எழுதியிருந்தார். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. கூடுதல் பணத்துக்கு யாரும் ரசீது தரமாட்டார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். அதனால் பில் தொகையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ஐம்பது ரூபாயை மட்டும் கைபேசி வழியாக அனுப்பியிருந்தார்கள். பில்லில் உள்ள அதே தேதியில் ஐம்பது ரூபாய் போய்ச் சேர்ந்ததற்கான பதிவு ஒவ்வொரு வீட்டுக் கைபேசியிலும் இருந்தது. சட்டம் படித்த எனக்கே அந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

அவர்களுக்கு ஒரு தயக்கமும் இருந்தது. "சிலிண்டர் போடுகிற தம்பி பாவம் சார், அவர் வேலை போய்விடக் கூடாது" என்றார்கள். நியாயமான தயக்கம். அந்த இளைஞர் சுமப்பது வாயு 14.2 கிலோ, அதோடு காலி உருளையின் எடையும் சேர்த்து. ஏஜென்சி அவருக்குக் கொடுக்கிற கூலி குறைவு, மீதியை வீட்டுக்காரர்களிடம் வாங்கிக்கொள் என்பது எழுதப்படாத ஏற்பாடு. அதனால் நாங்கள் எழுதிய புகார் மனுவில் அவர் பெயரே வராமல் பார்த்துக்கொண்டோம். விநியோகச் செலவுக்கென்று பணம் வாங்கும் ஏஜென்சி அதை ஊழியருக்குக் கொடுக்கிறதா என்று கேட்டோம். விரும்பி ஒருவர் கையில் பத்து ரூபாய் வைப்பதற்கும், கொடுத்தால்தான் சிலிண்டர் இறங்கும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த மனுவில் ஒரே பத்தியில் எழுதினேன்.

நகல்கள் மூன்று இடங்களுக்குப் போயின: ஏஜென்சி, எண்ணெய் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி, மாவட்ட வழங்கல் அலுவலர். அடுத்து நடந்த எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டத்தில் அந்த அம்மாள் நோட்டைப் பிரித்து வாசித்தார். ஏஜென்சியின் சார்பில் வந்தவர் "தனிப்பட்ட ஊழியரின் தவறு" என்று தொடங்கினார்; ஒரு தெரு முழுவதும் ஒரே தொகை எப்படித் தனிப்பட்ட தவறாகும் என்று அதிகாரி கேட்டதும் அவரிடம் பதில் இல்லை. அந்தத் தெருவில் வசூல் நின்றது. இப்போது அங்கே எடைத் தராசும் வண்டியோடு வருகிறது. உருளையின் கழுத்துப் பட்டையில் பொறித்திருக்கும் காலி எடையோடு 14.2-ஐக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போகிறார்கள். அடுத்த தெருவில் ஐம்பது ரூபாய் இன்னும் தொடர்கிறது. அங்கே யாரும் நோட்டுப் போடவில்லை.

வாங்குகிறவர்கள் ஒருவரையொருவர் தினமும் பார்த்துக்கொள்ளும் இடத்தில்தான் இப்படி எதுவும் நடக்கும். கிருஷ்ணகிரி வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் பஸ்கள் நிறுத்தும் சாப்பாட்டுக் கடைகளைப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஐந்து ரூபாய், குளிர்பானத்துக்குக் 'கூலிங் சார்ஜ்'. வாங்கியவர்களில் பாதிப் பேர் சென்னைக்கும் மீதிப் பேர் பெங்களூருவுக்கும் போய்விடுவார்கள். கண்டக்டர் விசில் அடித்ததும் கோபமும் பஸ் ஏறிவிடும். கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் வாசலில் உள்ள பெட்டிக்கடை அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது. பாட்டிலையும் பில்லையும் படம் எடுத்து, வீட்டுக்குப் போன பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். நம் மாநிலத்தில் எடை, அளவு, பொட்டல விலை ஆகியவற்றைச் சோதிப்பது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. இது தெரியாமல் காவல் நிலையத்துக்குப் போய் அலைந்தவர்கள் உண்டு.

விவசாயிகள் கதை வேறு. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்கள், மண்டியில் விலை அடிமட்டத்துக்குப் போனால் என்னிடம் வருகிறார்கள். விற்கிற இடத்தில் அவர்கள் நுகர்வோர் அல்லர், அங்கே இந்தச் சட்டம் கைகொடுக்காது. வாங்குகிற இடத்தில் அவர்கள் நுகர்வோர்தான். விதை, நாற்று, சொட்டுநீர்க் குழாய், பூச்சிமருந்து எல்லாம் இதில் வரும். விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்று 2012இல் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுகிறவரிடம், சோதனைக்கு மாதிரி எங்கே என்று கேட்க முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதற்குப் பதிலாக நிலத்தைப் பார்த்த வேளாண் அதிகாரியின் அறிக்கை பேசும். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். காய்க்காத செடியைப் பார்த்து மனம் வெறுத்து, மாட்டை விட்டு மேயவிட்டுவிட்டு, பிறகு வருவார்கள். செடி நிற்கும்போதே தோட்டக்கலைத் துறைக்கு எழுதிக் கொடுத்து வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். விதைப் பாக்கெட்டை அடுப்பில் போடக் கூடாது. அதில் உள்ள லாட் எண்ணும் கடைக்காரரின் பில்லும் இல்லாமல் வழக்கு நகராது. பில் இல்லாமல் கடனுக்கு வாங்கும் பழக்கத்தால் கைநழுவிய வழக்குகளை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

வழக்கு என்றதும் செலவை எண்ணிப் பயப்படுகிறவர்களுக்கு: கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், நிறுவனம் மும்பையில் இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமில்லை. தொழில் பாதிக்கும் என்றாலும் சொல்லத்தான் வேண்டும். வக்கீலின் சேவையில் குறை என்று இந்த ஆணையத்துக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் 1995 முதல் இந்தச் சட்டத்துக்குள் இருக்கிறார்கள், நாங்கள் வெளியே நிற்கிறோம். எனக்கு அதில் பெருமை ஏதும் இல்லை.

ஒரே குறையால் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதி பெற்று ஒருவரோ சிலரோ எல்லோருக்காகவும் சேர்த்து மனு கொடுக்கச் சட்டத்தின் 35ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பும் கொடுக்கலாம். இந்த வழியை நம் பக்கத்தில் யாரும் தொடுவதே இல்லை. மனை விற்ற நிறுவனம் சாலை போடாமல் ஏமாற்றினால், அறுபது பேர் அறுபது கோப்போடு தனித்தனியாக நிற்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் பணத்தைக் கொடுத்துச் சமரசம் செய்து மற்றவர்களை அலையவிடுவது நிறுவனத்துக்கு எளிதாகிவிடுகிறது.

இதுவரை சொன்னது வாங்கிய பிறகு போராடும் வழி. விலை முடிவாவதற்கு முன்பே சாதாரண மக்கள் பேசுவதற்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு ஒன்றும் உண்டு, அது மின்சாரக் கட்டணம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, மின்வாரியம் கொடுக்கும் கட்டண மனுவின் மீது பொதுமக்களின் கருத்துகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகுதான் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட முடியும். 2022இல் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் நடந்தன. தருமபுரியிலிருந்து கூலி வேலையை விட்டுவிட்டுக் கோவைக்குப் போய்ப் பேச யாரால் முடியும்? ஆனால் போக வேண்டியதே இல்லை, ஆட்சேபத்தை எழுதி அனுப்பினாலே ஆணையம் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கோவையின் சிறுதொழில் சங்கங்கள் அலகு அலகாகக் கணக்குப் போட்டு வாதாடின. நம் மாவட்டங்களின் தறிக்காரர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் டீக்கடையில் வாதாடினார்கள்.

ஆட்சேபம் அனுப்பாததற்கு நாம் கொடுத்த விலை ஒரு முறையோடு போகவில்லை. 2022 செப்டம்பர் உத்தரவு, 2026-27 வரை ஆண்டுதோறும் ஜூலையில் பணவீக்கத்தை ஒட்டிக் கட்டணத்தை உயர்த்த வழி செய்துவிட்டது. 2024 ஜூலையில் ஏறிய 4.83 சதவீதம் அப்படி வந்ததுதான். அந்த ஐந்தாண்டுக் காலம் முடிந்ததும் புதிய மனு வர வேண்டும். வந்தால் ஆணையத்தின் இணையதளத்திலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும், ஆட்சேபம் அனுப்பக் கடைசித் தேதியும் அதில் இருக்கும். தமிழில் எழுதலாம். 'உயர்த்தாதீர்கள்' என்று ஒற்றை வரி எழுதுவதால் பயனில்லை. உங்கள் இரண்டு மாத பில்லின் நகல், இணைப்பு எண், எந்தப் பிரிவில் எத்தனை அலகு, புதிய விகிதத்தில் எவ்வளவு கூடும், உங்கள் ஊரில் மாதத்துக்கு எத்தனை முறை மின்தடை, மின்மாற்றி பழுதானால் எத்தனை நாளில் சரியாகிறது என்பவற்றை எழுதுங்கள். தெருவில் உள்ள எல்லோரும் ஒரே கடிதத்தை நகலெடுத்துக் கையெழுத்திடுவதை விட, ஒவ்வொரு வீடும் தன் கணக்கோடு தனித்தனிக் கடிதம் அனுப்பி, எல்லாவற்றையும் ஒரே நாளில் தபாலில் சேர்ப்பது நல்லது. தபால் ரசீதுகளை ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.