எல்லாருக்கும் ஒரே வரி விகிதம் வைத்தால் யாருக்கு லாபம்?

ஊதிய உயர்வுக் காலம் வந்தால் சென்னை அலுவலகங்களில் ஒரு பயமும் கூடவே வரும்: “சம்பளம் ஏறினால் அடுத்த ஸ்லாபுக்குப் போய்விடுவோம், கையில் வருவது குறைந்துவிடும்.” அதே மேசையில் இன்னொருவர் சொல்வார்: “இத்தனை அடுக்கு எதற்கு? எல்லாருக்கும் பத்து சதவீதம் என்று வைத்துவிட்டுப் போகலாமே.” அந்தப் பயம் பெரும்பாலும் வீண், ஒரே ஓர் இடத்தில் மட்டும் நியாயமானது. பத்து சதவீத யோசனையைக் கணக்குப் போடாமல் பேசக் கூடாது.

2025-26 நிதியாண்டின் புதிய வருமான வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் விகிதம் ஏறுகிறது: 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 வரை 10, 16 வரை 15, 20 வரை 20, 24 வரை 25, அதற்கு மேல் 30. ஏறிய விகிதம் அந்த அடுக்கில் விழும் பணத்துக்கு மட்டுமே. கீழே உள்ள பணத்தை அது தொடாது.

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் ஊழியருக்கு ஆண்டுச் சம்பளம் 18,75,000 என்று வைத்துக்கொள்வோம். சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போனால் 18 லட்சம். இரண்டாம் அடுக்கில் 20,000, மூன்றாவதில் 40,000, நான்காவதில் 60,000, மிச்சமுள்ள 2 லட்சத்துக்கு 40,000. மொத்தம் 1,60,000, அதன்மேல் 4 சதவீத செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) சேர்த்து 1,66,400. “நான் இருபது சதவீதக்காரன்” என்று அவர் சொல்லிக்கொண்டாலும் சம்பளத்தில் உண்மையில் போவது ஒன்பது சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு.

பயம் நியாயமாகும் இடம் 12 லட்சத்தின் விளிம்பு. வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 ரூபாய் வரையிலான தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடுகிறது. சம்பளக்காரருக்கு இது 12,75,000 வரை. ஒரு ரூபாய் தாண்டினாலும் தள்ளுபடி போய்விடும் என்பதால், தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். வரிக்கு உட்பட்ட வருமானம் 12,10,000 ஆனால் சாதாரணக் கணக்கில் வரி 61,500, நிவாரணத்தால் 10,000. அதன்மேல் செஸ் 400. ஆக, கூடுதலாகக் கிடைத்த பத்தாயிரமும் போய், மேலும் 400 ரூபாய் கைவிட்டுப் போகிறது! ஏறக்குறைய 12,70,000 வரை இந்த வினோதம் நீடிக்கும். இதை அடுக்குகளின் குற்றம் என்று சொல்ல முடியாது. தள்ளுபடி ஒரே இடத்தில் பொசுக்கென்று முடிவதால் வரும் வினை.

இனி அந்தப் பத்து சதவீதம். விலக்கு வரம்பே இல்லாமல் எல்லாருக்கும் 10 என்றால், தியாகராய நகர்த் துணிக்கடையில் மாதம் 30,000 வாங்குபவர் ஆண்டுக்கு 36,000 கட்ட வேண்டும். இன்று அவர் கட்டுவது ஒன்றுமில்லை. நம் சோழிங்கநல்லூர்க்காரருக்கு 1,87,500. இன்றைக்குக் கட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு கோடி சம்பளக்காரர் இன்று பெரிய வருமானங்களுக்கு விதிக்கும் மேல்வரியும் செஸ்ஸும் சேர்த்துச் சுமார் 29 லட்சம் கட்டுகிறார். அவருக்கு வரி 10 லட்சமாக இறங்கிவிடும். யாருக்கு லாபம் என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடையாது.

ஒரே விகிதத்தை ஆதரிப்பவர்களில் விவரமானவர்கள் இப்படிக் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் விலக்கு வரம்பை வைத்துக்கொள்வார்கள். 4 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் எல்லாருக்கும் 15 என்று வையுங்கள். வரிக்கு உட்பட்ட வருமானம் 5 லட்சம் உள்ளவர் அதில் 3 சதவீதம் கட்டுவார், 18 லட்சக்காரர் 11.7, ஒரு கோடிக்காரர் 14.4. விகிதம் ஒன்றுதான், ஆனால் சுமை வருமானத்தோடு ஏறுகிறது. ஆகவே சண்டை அடுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. மேல்தட்டில் எவ்வளவு செங்குத்தாக ஏற வேண்டும் என்பதில்தான்.

மிகச் செங்குத்தாக ஏற்றிப் பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. 1973-74இல் உச்ச அடுக்குக்கு மேல்வரியோடு 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய்தான் மிச்சம் என்றால் யார் உண்மைக் கணக்கைக் காட்டுவார்கள்? விகிதத்தைக் குறைத்து வரி வலையை அகலமாக்கும் யோசனைக்கு வடிவம் தந்தவர்களில் முக்கியமானவர் ராஜா செல்லையா. 1991இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர். கோட்டூரில் இருக்கும் மெட்ராஸ் பொருளாதாரப் பள்ளியை நிறுவியவரும் அவரே. 1997 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்றே விகிதங்களில் நிறுத்தினார்.

வெளிநாடுகளில் எஸ்டோனியா 1994இல் ஒரே விகிதத்துக்குப் போய் இன்னும் அதிலேயே இருக்கிறது. ரஷ்யா 2001இல் 13 சதவீதம் என்று வைத்து, 2021இல் இரண்டு விகிதமாக்கி, 2025இல் ஐந்து அடுக்குக்கு வந்துவிட்டது.

ஒரே விகிதம் எளிமையானது என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. அடுக்குக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல். தலைவலி தருவது எது வருமானம், எதற்குக் கழிவு, எந்த ரசீது செல்லும் என்பவைதான். வீட்டு வாடகைப்படி, 80சி என்று அறியப்படும் சேமிப்புக் கழிவு, வீட்டுக் கடன் வட்டி என்று ஜனவரியில் ரசீதுகளைத் தேட வைப்பது, புதியதற்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய பழைய முறை. அதில் விகிதங்கள் 5, 20, 30 என்று மூன்றுதான். புதிய முறையில் விகிதங்கள் இருமடங்கு, வேலையோ பாதிகூட இல்லை.

தவிர, ஒரே விகிதம் இங்கே ஏற்கெனவே பல இடங்களில் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீதம். லாபம் பத்து லட்சமோ பத்துக் கோடியோ, அடிப்படை விகிதம் மாறாது. உழைத்துச் சம்பாதிக்கும் 25ஆவது லட்சத்துக்கு 30, பங்கில் வரும் கோடிக்கு 12.5 என்பதைப் பற்றி ஸ்லாபைத் திட்டுபவர்கள் வாய் திறப்பதில்லை.

இதைவிட ஒருபடி மேலே போய், உச்சத்தில் எல்லாருக்கும் ஒரே தொகை என்று நிற்பது மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரி. அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு இதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. சென்னையில் அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி இல்லை. 75,000ஐத் தாண்டினால் 1,250. மாதம் 13,000 வாங்கும் காவலாளி அந்த உச்சத்தைத் தொட்டுவிடுகிறார். மாதம் 5 லட்சம் வாங்கும் மேலாளரும் அதே 1,250தான். காவலாளியின் வருமானத்தில் இது 1.6 சதவீதம், மேலாளருக்கு 0.04. சம்பளச் சீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பிடித்தத்தைப் பழைய வரி முறையில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் முடியாது. காவலாளிக்கு எந்த முறையிலும் வருமான வரி வராது என்பதால், அந்தச் சலுகையும் மேலாளருக்கு மட்டுமே பயன்படும்.