எறிபொருள்: கைவிட்டுப் போனபின்

என்னிடம் தமிழ் படிக்கும் பெண் ஒருத்தி, எறிந்துவிட்ட பொருளைக் குறிக்கும் ‘புரொஜெக்டைல்’ என்ற ஆங்கில இயற்பியல் சொல்லுக்கு ‘ஏவுகணை’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். மொரிசியஸில் இயற்பியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். தமிழ் ஒரு தனிப் பாடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு வாய்ப்பே இருந்ததில்லை. அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

புரொஜெக்டைல் என்ற சொல் லத்தீனில் பிறந்தது. ‘ப்ரோ’ என்றால் முன்னால். ‘யாகெரே’ என்றால் எறிதல். பிரெஞ்சுக்காரர்களின் ‘ஜெத்தே’ அந்த வேரின் கிளைதான். நம் தீவின் கிரியோலில் அது ‘ஸெத்தே’ ஆனது. மாங்காய்க்குக் கல் விடும் பிள்ளை வாயில் தினமும் புரளும் சொல்லுக்கும் பாடநூலில் மிரட்டும் சொல்லுக்கும் பாட்டி ஒருத்திதான்!

தமிழில் இதற்கு எறிபொருள். இலங்கைப் பாடநூல்கள் ‘எறியம்’ என்கின்றன. அதுவும் நல்ல சொல், சுருக்கமானது. என் மனம் எறிபொருள் பக்கமே சாய்கிறது, காரணம் இலக்கணம். அது வினைத்தொகை. எறிந்த, எறிகின்ற, எறியும் என மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன, ஊறுகாயில் இருப்பதுபோல.

ஏவுகணை ஏன் பொருந்தாது? ஏவுதல் என்றால் இன்று நமக்குக் கட்டளையிடுதல். ஏவல் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். ஏவுகணைக்குள் உந்துபொறி இருக்கிறது, போகும் வழியில் திசை மாற்றவும் முடியும். எறிந்த கல்லுக்கு அப்படி எதுவும் இல்லை. கையை விட்ட கணத்தோடு நம் அதிகாரம் முடிந்தது. அதன்பின் புவியீர்ப்பு மட்டுமே, காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால். ஈழத்தில் பீரங்கிக் குண்டை ‘எறிகணை’ என்றார்கள். எவ்வளவு துல்லியமான பெயர்!

இனி இயற்பியல். கல்லின் கிடைத்திசை வேகம், அதாவது தரைக்கு இணையான வேகம், மாறாது. செங்குத்து வேகம் மட்டும் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் மாறும். ஏறும்போது குறையும், இறங்கும்போது கூடும். இவை இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நடப்பதால்தான் பாதை பரவளையமாக, ஆங்கிலத்தில் ‘பரபோலா’ எனப்படும் வளைவாக, வளைகிறது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதை நிறுவினார். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், தரையிலிருந்து 45 பாகையில் எறிந்தால் சுமார் 41 மீட்டர் தள்ளி விழும், அதுவே பெருமம். 30 பாகையில் எறிந்தாலும் 60 பாகையில் எறிந்தாலும் ஒரே தூரம், சுமார் 35 மீட்டர். தாழ எறிந்தது சீக்கிரம் விழும், உயர எறிந்தது தாமதமாக விழும், விழும் இடம் ஒன்றே. இதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. நம் தென்கிழக்குக் காற்றில் எறிந்து பார்த்தால் எண்கள் கொஞ்சம் விலகும், அவ்வளவுதான்.

விழும் தூரத்தைத் தமிழ்நாட்டு நூல்கள் ‘கிடைத்தள நெடுக்கம்’ என்கின்றன. ‘வீச்சு’ என்று எழுதத் தோன்றும்; ஆனால் அதே நூல்களில் அலைவின் பெரும விலகலுக்கு அந்தப் பெயர் போய்விட்டது.

எழுத்தில் ஒரு கவனம் வேண்டும். ர, ற வேறுபாடு நம் பேச்சில் தேய்ந்துவிட்டதால் எறிபொருளை ‘எரிபொருள்’ என்று எழுதிவிடுகிறார்கள். எரிபொருள் பெட்ரோல், டீசல். அந்தப் பெண்ணுக்கு இரண்டும் மறக்காதிருக்க ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: எரிபொருள் தீர்ந்து பொறி நின்ற கணத்திலிருந்து, திசை திருப்ப ஆளில்லாத ஏவுகணையும் எறிபொருளே.