நொடிக்கு 44,100 முறை திறக்கும் மடை

ஆடுதுறையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட்டுகள் கிடந்தன. அப்பா முப்பது வருஷமாகச் சேர்த்தவை. பாதிக்கு மேல் திருச்சி வானொலியில் வந்த நாகஸ்வரக் கச்சேரிகளை அவரே டேப் ரெக்கார்டரில் பிடித்தது. மிச்சம், கோயில் திருவிழாக்களில் மைக் செட்டுக்காரரைக் கெஞ்சி வாங்கிய பதிவுகள். எங்கள் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரம் எதையும் விட்டுவைக்காது. பெட்டியைத் திறந்தபோது பல நாடாக்களின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. டேப் ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட்டைத் தொட்டால் கையில் கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்பாவின் கோரிக்கை சின்னது. "தம்பி, எனக்கு போனு, ஆப்பு எல்லாம் வேணாம். காலைல எழுந்ததும் ஒரு குமிழைத் திருப்பினா பூபாளம் கேட்கணும். அவ்வளவுதான்."

அந்த ஒரு குமிழுக்காகத்தான் ராஸ்பெர்ரி பை வீட்டுக்கு வந்தது. 2012-இல் இங்கிலாந்தில், பிள்ளைகள் கணினி நிரல் எழுதிப் பழகுவதற்காக வெளியிட்ட மலிவு விலைக் கணினி அது. நான் வாங்கியது 2021-இல் வந்த ஜீரோ 2 டபிள்யூ. 65 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் நீளம். நான்கு கருக்கள் கொண்ட செயலி, 512 மெகாபைட் நினைவகம், வை-ஃபை எல்லாம் அதற்குள் அடக்கம். பாட்டுப் பாட இது தாராளம். ஆனால் ஹெட்போன் மாட்டும் துளை கிடையாது. ஒலியை உள்ளே வாங்கும் வழியும் கிடையாது. கேசட்டுகளைப் பதிவு செய்ய யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைச் செருகினேன். பக்கத்துத் தெருக்காரரின் பழுதில்லாத டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, ஓடக்கூடிய நாடாக்களை மட்டும் ஓடவிட்டேன். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும்; குறுக்கு வழி இல்லை.

பதிவு செய்வது என்றால், ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதி வைப்பது. 1982-இல் விற்பனைக்கு வந்த சிடியின் கணக்கு இது. ஒவ்வோர் அளவும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒரு படி. இடது, வலது என இரண்டு தடம். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்குப் பத்தரை மெகாபைட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 மெகாபைட்.

இதை எங்கள் தெருவில் தவில் வாசிக்கும் மாமாவிடம் சொன்னேன். உடனே மடக்கினார்: "வெட்டி வெட்டி எடுத்தா கமகம் உடைஞ்சு போயிடாதா மாப்பிள்ளை? படிக்கட்டு மாதிரி ஆயிடுமே." கமகம் என்பது ஸ்வரத்தை வழுக்கி அசைத்து வாசிப்பது; நியாயமான சந்தேகம். டிஜிட்டல் ஒலியைப் பற்றிய பல படங்களில் அலையைப் படிக்கட்டாகத்தான் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படம் தப்பு. ஓர் ஒலியில் இருக்கும் மிக வேகமான அதிர்வைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக அளவெடுத்துவிட்டால், அந்தப் புள்ளிகள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. இடையில் அது எப்படி வளைந்திருக்கும் என்பதும் அந்தப் புள்ளிகளிலேயே அடங்கிவிடுகிறது. ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் இதன் அடிப்படையைத் தொட்டார். கிளாட் ஷானன் 1949-இல் கணிதமாகவே நிறுவினார். மனிதக் காது எட்டும் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வு. 44,100 அதன் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. தோடி ராகத்தில் காந்தார ஸ்வரம் எவ்வளவு வழுக்கினாலும், அந்த வழுக்கல் முழுவதும் இந்த எல்லைக்குள்தான் நடக்கிறது.

நொடிக்கு 1,92,000 முறை அளந்த ஃபைல்கள்தான் உசத்தி என்று சிலர் தேடித்தேடி இறக்குகிறார்கள். சாதாரணக் கேசட்டில் 15,000-க்கு மேல் உருப்படியாக எதுவும் பதிவாவதில்லை. மத்திய அலை வானொலியைப் பிடித்த பதிவு 5,000-ஐத் தாண்டுவதே அபூர்வம். அதற்குப் போய் 1,92,000 என்பது, ஆழாக்கு அரிசிக்கு அண்டா வைப்பது மாதிரி.

இடத்தை மிச்சப்படுத்த ஃபிளாக் என்ற வடிவத்தில் சேமித்தேன். 2001-இல் வந்தது. எம்பி3 காதுக்குக் கேட்காது என்று கணித்த பகுதிகளைத் தூக்கி எறிந்துவிடும். ஃபிளாக் ஒரு பிட்டைக்கூட எறியாது. முந்தைய சில எண்களைப் பார்த்து அடுத்த எண் இன்னதாக இருக்கும் என்று ஊகிக்கும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கும். ஊகம் நன்றாக இருந்தால் வித்தியாசம் சின்ன எண். சின்ன எண்ணுக்குக் கொஞ்சம் இடம் போதும். ஓரளவுக்குப் பாதியாகச் சுருங்கும் என்று நினைத்திருந்தேன். சில கேசட்டுகள் சுருங்கவே அடம்பிடித்தன. காரணம் நாடாவின் 'உஸ்ஸ்' இரைச்சல். தம்பூராவின் அடுத்த அசைவை ஊகித்துவிடலாம். இரைச்சலின் அடுத்த எண்ணை யாராலும் ஊகிக்க முடியாது. ஆக, என் பென்டிரைவில் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது இசை இல்லை, அந்த இரைச்சல்தான். வானொலிப் பதிவுகளில் இரண்டு தடத்திலும் ஒரே ஒலி என்பதால் அவற்றை ஒற்றைத் தடமாக மாற்றினேன். பாதி இடம் மிச்சமானது.

சரி, எண்கள் தயார். இவற்றைத் திரும்ப ஒலியாக்குவதுதான் இந்தப் பெட்டியின் உண்மையான வேலை. இதில் எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் எண்ணும் அதன் வேளைக்கு வந்து சேர வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தால், அன்றைக்கே கடைமடைக்கு வந்துவிடாது. ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று வர வேண்டும். நடுவில் ஏற்ற இறக்கம் இருக்கும். குளத்தில் தேக்கி வைத்தவர் சமாளிப்பார். மற்றவர் வானத்தைப் பார்ப்பார். பாட்டுப் பெட்டிக்குள்ளும் அதே கதை. பென்டிரைவிலிருந்து தரவு சீராக வருவதில்லை, குபுக் குபுக்கென்று வரும். செயலிக்கும் வேறு வேலைகள் உண்டு. எனவே எம்பிடி என்ற பாட்டு நிரல், ஃபிளாக்கை விரித்த எண்களை முதலில் நினைவகத்தில் ஒரு குளமாகத் தேக்குகிறது. அரை நொடிக்கான எண்கள் இருந்தாலே போதும். குளத்தின் மறுகரையில் நொடிக்கு 44,100 முறை, ஒரு முறைகூடத் தவறாமல், மடை திறந்து ஓர் இடது எண்ணையும் ஒரு வலது எண்ணையும் விடுகிறது. இந்த வேலையைச் செயலி செய்வதில்லை. நினைவகத்திலிருந்து நேரடியாக எடுத்துத் தரும் தனிச் சுற்று ஒன்று செய்கிறது. குளம் வற்றினால் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம். கடைமடை காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மடைக்கு அந்தப் பக்கம் இருப்பது டாக் என்று சொல்லப்படும் சில்லு, எண்ணை மின்னழுத்தமாக மாற்றுவது. நான் வாங்கியது பிசிஎம்5102ஏ சில்லு வைத்த சின்னப் பலகை. இரண்டு விரல் அகலம். கணினிக்கும் இதற்கும் நடுவில் மூன்று வயர்தான் தரவுக்கு. ஐ-டூ-எஸ் என்ற இந்த முறையை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1986-இல் வகுத்தது. ஒரு வயரில் எண்கள், பிட் பிட்டாக. இன்னொன்றில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு தட்டு; தடத்துக்கு 32 பிட் வீதம் நொடிக்கு 28,22,400 தட்டு. மூன்றாவது, இது இடதா வலதா என்று சொல்லும். கீழே இருந்தால் இடது, மேலே இருந்தால் வலது. வாய்க்காலில் மண்ணை வெட்டி இந்த வயலுக்கும் அந்த வயலுக்கும் மாற்றி மாற்றித் திருப்புவது போல.

கணினியில் இவை ஜிபிஐஓ 18, 19, 21 என்ற கால்கள். இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவார்கள், நானும் தடுமாறினேன். ஜிபிஐஓ எண் வேறு, பலகையில் வரிசையாக எண்ணினால் வரும் எண் வேறு. 18 என்பது வரிசையில் 12-வது கால். 19 என்பது 35-வது. 21 என்பது 40-வது, கடைசிக் கால். ஜீரோவில் கால்கள் பற்றவைக்காமல் வெறும் துளைகளாகவே வந்தன. நாற்பதையும் ஊர் ரேடியோ ரிப்பேர் கடையில் பற்றவைத்துத் தந்தார்கள். "டிவி ரிமோட்டா இது?" என்று கேட்டார் கடைக்காரர்.

வயர் போட்டு, அமைப்புக் கோப்பில் டாக் இருப்பதாக ஒரு வரி சேர்த்து ஓடவிட்டால், நாகஸ்வரத்துக்குப் பதில் கரகரவென்று மணல் கொட்டும் சத்தம். இரண்டு ராத்திரி தூக்கம் போனது. குற்றவாளி நான் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த எஸ்சிகே என்ற ஒரு கால். அது, வெளியிலிருந்து தலைமைக் கடிகாரம் ஒன்றைப் பெறுவதற்கான வழி. என் கணினி அந்தக் கடிகாரத்தைத் தருவதில்லை. அப்படியானால் அந்தக் காலைக் கிரவுண்டோடு, அதாவது பூஜ்ய வோல்ட் காலோடு, சேர்த்துவிட வேண்டும். சேர்த்தால், 'வெளியில் யாரும் தாளம் போடவில்லை' என்று புரிந்துகொண்டு, பிட் தட்டுகளை வைத்துத் தனக்கான கடிகாரத்தைச் சில்லு தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்தரத்தில் விட்டால், காற்றில் வரும் ஒவ்வொரு மின் அதிர்வையும் தாளம் என்று நம்பி உளறும். இரண்டு புள்ளிகளை ஈயத்தால் இணைத்ததும் சத்தம் தெளிந்தது.

அந்தத் தாளமும் முழு நேர்த்தி என்று சொல்ல முடியாது. கணினியிலுள்ள படிகம் நொடிக்கு 1,92,00,000 முறை அதிர்கிறது. அதை 28,22,400-ஆல் வகுத்தால் 6.8 சொச்சம், மீதி இல்லாமல் வகுபடாது. எனவே தட்டுகள் மிக நுண்ணிய அளவில் முன்பின்னாக விழும். விலை கூடிய டாக் பலகைகளில் 44,100-க்கென்றே வகுபடும் 2,25,79,200 அதிர்வுப் படிகம் ஒன்று தனியாக இருக்கும். பூஞ்சை பிடித்த கேசட்டுக்கு அது வேண்டுமா? என் காதுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒலி வந்தபின் இரைச்சல் வந்தது. 'ம்ம்ம்' என்று கனமான ரீங்காரம். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுவது. ஆம்ப்ளிஃபையரில் அந்த 50 தான் பாடிக்கொண்டிருந்தது. திரைக்காகக் கணினியை டிவியோடு இணைத்திருந்தேன். டிவிக்குக் கேபிள் வயர் வெளியிலிருந்து வருகிறது. அதன் உறைக்கு எங்கோ ஓர் எர்த். ஆம்ப்ளிஃபையருக்கு வீட்டு எர்த். இரண்டு எர்த்துக்கும் நடுவிலுள்ள சிறு அழுத்த வித்தியாசம் என் ஒலி வயர் வழியே சுற்றி ஓடியது. டிவி வயரைப் பிடுங்கினேன், ரீங்காரம் அதோடு போயிற்று. அதன்பின் கணினியைப் போனிலிருந்து வை-ஃபை வழியாகவே இயக்குகிறேன்.

அப்புறம் கரண்ட். சார்ஜரின் வயர் மெலிதாக இருந்தால் 5 வோல்ட் வழியிலேயே சரியும், ஜீரோ வகைக் கணினி அதை எச்சரிக்கவும் செய்யாது. கரண்ட் கட்டுதான் பெரிய எமன். மெமரி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அந்த ஃபைல் மட்டும் கெடும் என்று நினைக்க வேண்டாம். கார்டு பெரிய பெரிய கட்டங்களாகத்தான் அழித்து எழுதும். எழுதும்போது பக்கத்துத் தரவுகளையும் இடம் மாற்றும். அந்த நொடியில் கட் ஆனால் சம்பந்தமில்லாத ஃபைலும் போகும். எனக்கு முதல் மழையிலேயே ஒரு கார்டு போனது. தீர்வு எளிது. அமைப்பில் ஓவர்லே என்ற வசதியை இயக்கினால், எழுத வேண்டியதையெல்லாம் கணினி நினைவகத்தில் எழுதிக்கொள்ளும், கார்டைத் தொடாது. அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். பாட்டுப் பெட்டிக்கு ஞாபகம் எதற்கு? பிளக்கைப் பிடுங்கி அணைக்கும் அப்பாவுக்கு இது பொருத்தம்.

கடைசியாகக் குமிழ். பழைய ரேடியோக் குமிழ் உள்ளே மின்தடையைக் கூட்டிக் குறைக்கும். இது அப்படியில்லை; எவ்வளவு திருப்பினாலும் முட்டாது. உள்ளே இரண்டு சின்னத் தொடுமுனைகள், ஒன்றுக்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று. வலப்பக்கம் திருப்பினால் முதல் முனை முந்தித் தொடும், இரண்டாவது பிந்தித் தொடும். இடப்பக்கம் என்றால் வரிசை மாறும். எது முந்தியது என்று பார்த்தே நிரல் திசையைக் கண்டுபிடிக்கிறது. திசை தெரிந்ததும் நடப்பது வெறும் பெருக்கல்: ஒலியைக் குறைக்க, போகும் ஒவ்வோர் எண்ணையும் 0.9, 0.8 என்று பெருக்கி அனுப்பும். எண்கள் 16 பிட், சில்லு வாங்குவது 32 பிட். குறைத்தாலும் நுணுக்கம் உதிராமல் இருக்க இடம் இருக்கிறது.

இரண்டு முனைகளின் வயர்களையும் நான் மாற்றிப் போட்டுவிட்டேன். வலப்பக்கம் திருப்பினால் சத்தம் குறைந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்து, வயர்களை மாற்றிச் சரி செய்தேன். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குத் தெருவே எழுந்துகொள்ளும் அளவுக்கு நாகஸ்வரம். அப்பா, பழகிப்போன கையால் சத்தத்தைக் குறைப்பதாக நினைத்துக் கூட்டிவிட்டார். "யாரைக் கேட்டு மாத்தின?" என்று சத்தம் போட்டார். அன்று சாயங்காலமே வயர்களைப் பழையபடி போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இப்போதும் இடப்பக்கம் திருப்பினால்தான் சத்தம் கூடும்.