"நாங்க சேரவே இல்ல டாக்டர்"

உள்ளே போகாமலே கரு தங்குமா? மாலை ஓபி முடியும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். போன மாதம் வந்த பெண்ணுக்கு 24 வயது, தையில் கல்யாணம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வெள்ளைப்படுகிறது என்று சொல்லி டோக்கன் போட்டிருந்தாள். தண்ணீர் பாட்டில் வாங்கி வரச் சொல்லி அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, கைப்பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தாள். நான்கு ப்ரெக்னன்சி கார்டுகள். நான்கிலும் கர்ப்பமில்லை என்று காட்டும் ஒற்றைக் கோடு.

"ஒரே கோடுதான் டாக்டர் வருது. ஆனா நம்ப முடியல. நாங்க சேரவே இல்ல."

நடந்தது இவ்வளவுதான். 12 நாளுக்கு முன்பு நிச்சயம் ஆனவனோடு நெருக்கமாக இருந்திருக்கிறாள். இருவரும் உடையோடுதான். அவனுடைய பேன்ட் நனைந்தது, அந்த ஈரம் இவள் சுடிதாரிலும் கொஞ்சம் பட்டது. அன்றிலிருந்து தூக்கமில்லை.

இப்படி வருகிறவர்களிடம் "உறவு வைத்துக்கொண்டீர்களா" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். உறவு என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். நான் கேட்பது ஒன்றுதான்: விந்து எங்கே பட்டது?

கரு உண்டாக, உயிருள்ள விந்தணு பிறப்புறுப்பு வழியாகக் கருப்பைக்குள் ஏறி, கருக்குழாயில் முட்டையைச் சந்திக்க வேண்டும். ஈரம் இருக்கும் வரைதான் விந்தணுவுக்கு உயிர். துணியிலோ தோலிலோ பட்டுக் காய்ந்தால் கதை முடிந்தது. போனில் தேடுகிறவர்கள் "விந்தணு 5 நாள் உயிரோடு இருக்கும்" என்று படித்துவிட்டு வருவார்கள். அது உண்மைதான், ஆனால் பெண்ணின் உடலுக்குள்ளே, முட்டை வெளிவரும் சமயத்தில் சுரக்கும் வழுவழுப்பான திரவத்தில். அந்த 5 நாளைச் சுடிதாருக்கும் பெட்ஷீட்டுக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் என்னிடம் வரும் பயத்தில் பாதி பிறக்கிறது.

முத்தம், கட்டிப்பிடித்தல், உடைமேல் உரசல், வாய்வழி உறவு எதிலும் கரு தங்காது. விழுங்கினாலும் போவது இரைப்பைக்கு. அங்கிருந்து கருப்பைக்கு வழி கிடையாது. கழிப்பறை சீட், நீச்சல் குளம், அடுத்தவர் துண்டு எல்லாம் வீண் பயம்.

சரி, உள்ளே போகாமலே கரு தங்க வாய்ப்பே இல்லையா? உண்டு. பிறப்புறுப்பின் வாசலிலேயே ஈர விந்து விழுந்தாலோ, ஈரத்தோடு விரல் உடனே உள்ளே போனாலோ நடக்கலாம். வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. விந்து வெளிப்படும் முன் கசியும் நீரிலும் சில ஆண்களுக்கு உயிருள்ள விந்தணு இருக்கும். முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும்தான் ஆபத்தான நாட்கள். ஆனால் அந்த நாளை முன்கூட்டித் துல்லியமாகச் சொல்ல முடியாது. போனில் இருக்கும் ஆப் சொல்வதும் உத்தேசம்தான்.

உள்ளே போகாமலே கரு தங்கியதற்கு ஒரு தம்பதியைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஒன்றரை வருடம். முயற்சி செய்யும்போதெல்லாம் அவளுக்குத் தசை இறுகி, வலியில் நின்றுவிடும். வஜைனிஸ்மஸ் என்போம், சிகிச்சையில் சரியாகக்கூடியது, வெட்கப்பட்டு யாரும் வருவதில்லை. இவர்களும் அதற்கு வரவில்லை, இரண்டு மாதமாகப் பீரியட்ஸ் இல்லை என்று வந்தார்கள். ஸ்கேனில் 8 வாரக் கரு, இதயத் துடிப்போடு. "எப்படி டாக்டர்?" என்று கணவர் இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறை கேட்டபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அப்புறம் நான் படம் வரைந்தேன். கன்னித்திரை, பானைக்கு வேடு கட்டியதுபோல மூடியிருப்பதில்லை. மாதாமாதம் ரத்தம் வெளியே வரும் திறப்பு அதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் விந்து வாசலில் விழுந்திருக்கிறது, ஒரு முறை வழி கிடைத்துவிட்டது.

வாசலில் பட்டது நிஜமென்றால், 72 மணி நேரத்துக்குள் லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையைப் போடலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 5 நாளுக்குள் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி கருத்தடைச் சாதனத்தைப் போட்டுக்கொள்வது அதைவிட உறுதியானது. தமிழ்நாட்டில் பல மெடிக்கல் கடைகளில் இந்த மாத்திரையை வைத்திருப்பதில்லை. கடை கடையாக அலைந்து ஒரு நாளைத் தொலைப்பதைவிட நேராக மகப்பேறு மருத்துவரிடம் வந்துவிடுங்கள். உடைமேல் பட்டதற்கெல்லாம் இது தேவையில்லை. தேவையில்லாமல் போட்டால் பீரியட்ஸ் முன்னே பின்னே போகும், அதைப் பார்த்து இன்னும் பயப்படுவீர்கள். வெறும் பயத்தாலேயே தள்ளிப்போவதும் உண்டு.

நான் கோபப்படும் இடம் ஒன்று இருக்கிறது. கர்ப்பமா என்றே பார்க்காமல், யாரிடமோ கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, நிற்காத ரத்தப்போக்கோடு வருவது. நிஜமாகவே கர்ப்பம் என்றால் சட்டப்படி வழி இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தை 2021இல் திருத்தினார்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்தே போதும், அப்பாவோ கணவரோ போட வேண்டியதில்லை.

கர்ப்பத்துக்குப் பயப்படுகிறவர்கள் தொற்றை மறந்துவிடுகிறார்கள். கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ், மருவும் கருப்பைவாய்ப் புற்றும் வரவைக்கும் எச்பிவி இரண்டும் தோலோடு தோல் உரசினாலே பரவும்.

அந்தப் பெண்ணிடம் வருகிறேன். 12ஆம் நாள் கார்டு ஒற்றைக் கோடு காட்டினால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நெருக்கமாக இருந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்த்தால்தான் நம்பலாம். "உனக்கு அதுவும் தேவையில்லம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சுடிதாரை இன்னும் துவைக்கல டாக்டர். தொடவே பயமா இருக்கு" என்றாள்.

"இன்னைக்குத் துவைச்சுப் போடு."

தண்ணீர் பாட்டிலோடு அம்மா உள்ளே வந்தபோது பொட்டலம் கைப்பைக்குள் போய்விட்டிருந்தது. "என்ன டாக்டர், பயப்பட ஒண்ணுமில்லையே?" என்றார். பெண்ணின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.