ஆயிரம் அடி போட்டால் தண்ணீர் வருமா?

மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரில் ‘நீர்வளமும் பருவநிலை மாற்றமும்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கூடவே வெடித்துக் கிடக்கும் ஏரி மண்ணும் ஒரு பனிக்கரடியும். கேள்வி நேரம் வந்தால் பனிக்கரடியை யாரும் விசாரிப்பதில்லை. கொங்குப் பக்கம் எந்த ஊரானாலும் பின்வரிசையிலிருந்து முதலில் வருவது இதுதான்: “ஏனுங்க, ஆயிரம் அடி போட்டாத் தண்ணி வருமுங்களா?”

நிலத்தடி நீர் ஆய்வு என் தொழில். பொதுமக்களுக்கான அறிவியல் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால் போவேன். இப்போதெல்லாம் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்காமல் அதை வைத்தே பேச்சைத் தொடங்கிவிடுகிறேன். பருவநிலை மாற்றம் ஊருக்குள் நுழைவது அந்த போர்க்குழி, அதாவது ஆழ்துளைக் கிணறு, வழியாகத்தான்.

தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. தடித்த மணலும் வண்டலும் இருப்பது காவிரிப் படுகை, கடலோரம் போன்ற இடங்களில்தான். கோவை, திருப்பூர், சேலம், தருமபுரி எல்லாம் பாறை நாடு. மேலே மண், அதன் கீழே நைந்துபோன பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் பெரும்பாலும் நைந்த பகுதியில் நிற்கிறது. கெட்டிப் பாறையில் வெடிப்பு இருந்தால் அதற்குள் கொஞ்சம். ஆழம் போகப் போக, மேலே அழுத்தும் எடையில் வெடிப்புகள் இறுகிவிடுகின்றன. ஆயிரம் அடியில் தண்ணீர் கிடைத்த போரும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தனியாக ஓர் ஆறு ஓடவில்லை. மேலே பெய்த மழைதான் வெடிப்பு வழியே இறங்கியிருக்கிறது. ஒருவர் ஆழத்தில் உறிஞ்ச, பக்கத்துத் தோட்டத்து அறுபதடிக் கிணறு வற்றுவது இதனால்தான். பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு கூடவும் வாய்ப்புண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுபோக நேர்ந்ததற்கு ஃப்ளோரைடே முக்கியக் காரணம்.

அடுத்து ஒரு கணக்குப் போடச் சொல்வேன். நைந்த பாறையில் தண்ணீர் நிற்கக்கூடிய இடம் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மழையில் 100 மில்லிமீட்டர் நிலத்துக்குள் இறங்கினால் கிணற்று மட்டம் 5 மீட்டர் உயரும். ஆற்று மணலில் அந்த இடம் இருபது பங்கு என்றால், அதே தண்ணீருக்கு மட்டம் அரை மீட்டர்தான் ஏறும். ஐப்பசி அடைமழையில் கிணறு சரசரவென்று நிரம்புவதைப் பார்த்து, இனி இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை என்று வாழை வைத்தவர்களை எனக்குத் தெரியும். பாறைக் கிணறு எவ்வளவு வேகமாக நிரம்புகிறதோ அவ்வளவு வேகமாக வற்றும். நிரம்பியபின் பெய்வது உள்ளே போக இடமின்றி ஓடிவிடும். ஒரு நல்ல மழை ஆண்டின் மிச்சத்தை மூன்று ஆண்டு தாண்டி வைத்துக்கொள்ளும் கொள்ளளவு நம் பாறைக்கு இல்லை.

சென்னைக்கும் வேறு விதத்தில் இதே கதை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து கொள்வது ஏறத்தாழ 11 டிஎம்சி. 2015 டிசம்பரில் ஊரே மூழ்கியது. 2019 ஜூனில் நான்கும் கிட்டத்தட்டக் காலி. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நடுவில் நான்கு ஆண்டுகூட இல்லை.

காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். அதனால் பெய்யும்போது கொட்டும் மழைக்கு வாய்ப்பு அதிகம். மண்ணுக்கு என்று ஒரு வேகம் இருக்கிறது. களிமண் மணிக்குச் சில மில்லிமீட்டர் குடிக்கும், செம்மண் அதைவிடக் கூடுதலாக. பத்து நாள் தூறலாகப் பெய்தால் கிணற்றுக்குப் போயிருக்கக்கூடிய மழை, இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் ஓடைக்குப் போகிறது. மழைமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைப்பதைவிட அது அதிகம். அதில் நிலத்துக்குள் இறங்கியது சிறு பங்காகத்தான் இருக்க முடியும்.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, “அப்போ சென்னை வெள்ளமும் இதனாலதானே?” என்று கேட்பார். ஆமாம் என்று சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் 2015 சென்னை மழையை ஆராய்ந்து மறு ஆண்டு வெளியான ஆய்வு, அந்த மழையில் வெப்பமயமாதலின் பங்கை உறுதியாகக் காண முடியவில்லை என்றே சொன்னது. பசிபிக் கடல் இயல்பாகவே அவ்வப்போது சூடேறும் எல் நினோ வலுவாக இருந்த ஆண்டு அது. இதை மேடையில் சொன்னால் அமைப்பாளர்கள் முகம் சுருங்கும். பரவாயில்லை. உலகளவில் கனமழை வலுத்துவருவதற்குச் சான்று நிறையவே இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளத்தையும் வெப்பமயமாதலின் தலையில் கட்டினால், சதுப்பு நிலத்தில் வீட்டுமனை போட்டவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு நீரோட்டம் பார்ப்பவரும் இருப்பார். உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்ப்பவர். அவரைக் கிண்டல் செய்யும் பேச்சாளர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஊர் அவரை நம்புகிறது, நாம் மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவோம். தண்ணீர் வராத போர்களும் எத்தனை என்று அவரிடமே மரியாதையாகக் கேட்பேன். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளக்கும் ஆய்வுக் கருவி நைந்த பாறையின் தடிமனைச் சொல்லும், அதுவும் சில நேரம் பொய்க்கும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

வீட்டு மழைநீரைப் பற்றி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி, ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை, சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போனால் மிச்சம் ஏறக்குறைய 52,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிக்கு நாலு லாரிக்கு மேல். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. இன்று பல வீடுகளில் அதற்காகத் தோண்டிய குழியில் செடி முளைத்திருக்கிறது. ஜல்லியையும் மணலையும் ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசிக்குள் எடுத்து அலசிப் போடாவிட்டால் அது வெறும் குழிதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வற்றிய போருக்குள் தெருத் தண்ணீரையும் சாக்கடை கலந்த ஓடை நீரையும் நேராகத் திருப்பிவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்வதுதான். மண் வடிகட்ட வாய்ப்பே இல்லாமல் அழுக்கு வெடிப்புக்குள் போய்விடும். அடுத்த தெருக்காரர் அதைத்தான் குடிப்பார். போருக்குள் விடுவதானால் கூரைத் தண்ணீர் மட்டும், அதுவும் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வடிகட்டியபின்.

எல்லாம் கேட்டுவிட்டு, “சரிங்க, நாங்க என்ன பண்றது?” என்பார்கள். பிரிவதற்கு முந்தைய ஆந்திராவின் ஏழு வறட்சி மாவட்டங்களில் நடந்ததைச் சொல்வேன். அங்கும் பாறைதான். விவசாயிகளே மழையையும் போர் மட்டத்தையும் அளந்து எழுதினார்கள். பருவமழை முடிந்ததும் ஊர் கூடி, இருப்பு இவ்வளவு, நெல்லுக்கு இவ்வளவு, கடலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். யாருக்கும் உத்தரவு கிடையாது. கணக்கைப் பார்த்து அவரவர் பயிரை அவரவர் முடிவு செய்தார்கள்.

இதற்குக் கருவி பெரிதாக வேண்டாம். அடிக்கணக்கு குறித்த கயிறு, நுனியில் ஒரு கல், ஊருக்குப் பொதுவான ஒரு திறந்த கிணறு. மாதத்தில் ஒரே தேதியில், மோட்டார் போடுவதற்கு முன் காலையில் அளந்து, பள்ளிக்கூடச் சுவரில் எழுதுங்கள். தை மாத அளவுக்கும் சித்திரை அளவுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வருடம் சேர்ந்தால் போதும். ஆயிரம் அடி போடலாமா என்ற கேள்வியை, ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்தச் சுவரை வைத்துப் பேசலாம்.