கலப்பை தொடாத கீற்று: உயிர்வேலியும் கரிமமும்

வயலோரத்தில் முட்செடிகளும் புதர்களும் சிறு மரங்களும் நெருங்கி வளர்ந்து நிற்கும் உயிர்வேலி, பெரும்பாலும் ஆடுமாடுகளைத் தடுக்கும் அரணாகவே பார்க்கப்படுகிறது. அது கரிமத்தை, அதாவது கார்பனை, சேமிக்கும் கிடங்கும்கூட. அந்தக் கிடங்கில் நீண்ட காலம் நிலைக்கும் பகுதி மண்ணுக்குள் இருப்பதால், மேலே தெரியும் தழையை மட்டும் வைத்து அதை மதிப்பிட முடியாது.

ஒளிச்சேர்க்கையில் செடி உள்ளிழுக்கும் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாகி, பின்னர் கட்டையாகவும் வேராகவும் உருப்பெறுகிறது. காய்ந்த கட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம்தான். கரிம அணுவின் நிறை 12, கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் நிறை 44. ஆகவே 1 கிலோ கரிமம் செடியில் சேர்ந்தால், காற்றிலிருந்து சுமார் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு நீங்கியிருக்கிறது என்று பொருள். ஆண்டுப் பயிரும் இதே வேலையைச் செய்கிறது, சில வேளைகளில் இன்னும் வேகமாகவே செய்கிறது. ஆனால் தானியம் உண்ணப்பட்டு, தாள் மட்கியதும் அந்தக் கரிமத்தில் பெரும்பங்கு காற்றுக்கே திரும்பிவிடும். உயிர்வேலியின் தூரும் தடித்த வேர்களும் அதைப் பல பத்தாண்டுகள் பிடித்து வைத்திருக்கின்றன.

மண்ணுக்குள் நடப்பதுதான் இதில் சுவையான பகுதி. வேர்கள் சர்க்கரைகளையும் கரிம அமிலங்களையும் ஓயாமல் கசியவிடுகின்றன. மெல்லிய வேர்கள் மடிந்து புதியவை முளைக்கின்றன. மேலிருந்து சருகு விழுகிறது. இவற்றை உண்ணும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஒரு பகுதியைச் சுவாசித்து வெளியேற்றினாலும், அவை இறந்தபின் எஞ்சும் பொருள் களிமண் துகள்களின் மேல் இறுக ஒட்டிக்கொள்கிறது. பூஞ்சை இழைகளும் பசைப்பொருள்களும் மண்ணைச் சிறுசிறு உருண்டைகளாகத் திரட்டும்போது, அவற்றின் உள்ளே அகப்பட்ட மட்கை நுண்ணுயிர்கள் எளிதில் எட்ட முடிவதில்லை. உழவு இந்த உருண்டைகளை உடைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டுவதால் சிதைவு விரைவுபடுகிறது. வேலி நிற்கும் கீற்றிலோ கலப்பை இறங்குவதே இல்லை. சரிவான நிலமாக இருந்தால், மழைநீர் அடித்து வரும் மேல்மண்ணையும் வேலி தன் காலடியில் தேக்கிக்கொள்கிறது. அந்த மண்ணிலுள்ள கரிமம் வயலிலிருந்து இடம் மாறியதே தவிரப் புதிதாகச் சேர்ந்ததல்ல என்பதைக் கணக்கெடுப்போர் மறந்துவிடக் கூடாது.

இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, உயிர்வேலிக்கு அடியிலுள்ள மண்ணில் பக்கத்துப் புல்வெளி மண்ணைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் கரிமம் இருப்பதாகக் கண்டது. ஆனாலும் பரப்பளவையும் பார்க்க வேண்டும். 1 ஹெக்டேர் சதுர வயலின் சுற்றளவு 400 மீட்டர். வேலியின் அகலம் 2 மீட்டர் என்றால் அது பிடிக்கும் இடம் சுமார் 800 சதுர மீட்டர், அதாவது 8 சதவீதம் மட்டுமே. காடு செய்யும் வேலையை வேலியிடம் எதிர்பார்ப்பது என் பார்வையில் மிகையாசைதான். பயிர்நிலத்தைப் பெரிதாக இழக்காமலே கிடைக்கும் சேமிப்பு என்பதே அதன் சிறப்பு.

இந்தச் சேமிப்பு முடிவின்றி வளர்வதுமில்லை. மண்ணில் சேரும் கரிமமும் சிதைந்து வெளியேறும் கரிமமும் காலப்போக்கில் சமநிலைக்கு வந்துவிடும். கவாத்தைப் பொறுத்தும் அளவு மாறும்: ஆண்டுதோறும் ஒரே உயரத்துக்கு ஒட்ட வெட்டப்படும் வேலியில் கட்டை பெருக இடமில்லை, சற்று உயரவும் அகலவும் விட்டால் கூடுதலாகச் சேரும். வெட்டிய கிளைகளை எரித்தால் அவற்றின் கரிமம் உடனே காற்றில் கலக்கிறது. பொடித்து வேரடியில் பரப்பினால் ஒரு பங்காவது மண்ணில் தங்குகிறது. வேலியையே பிடுங்கி அந்தக் கீற்றையும் உழுதுவிட்டாலோ, பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த மட்கு, சேர்ந்ததைவிட விரைவாகவே சிதையத் தொடங்கும்.