வெளிநாட்டைப் பத்திக் கேக்க சேவேக்கு வந்தா "எல்லாம் நல்லம்" எண்டு அனுப்பிடாதீங்க

நான் கொழும்பில சேவே (கருத்துக்கணிப்பு) வேலை, ஃபீல்ட் சுப்பவைசர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கதவைத் தட்டி இந்தியா, சீனா, அமெரிக்கா பத்தி என்ன நினைக்கிறீங்க எண்டு கேட்டா கனபேர் "எல்லாம் நல்லம் தம்பி, எங்களுக்கேன் அரசியல்" எண்டுதான் சொல்லுவாங்க. பயம் விளங்குது, யுத்த காலத்தில வீட்டில யார் யார் இருக்கினம் எண்டு பொலிஸ்ல பதிஞ்ச சனம், ஃபோமோட ஒருத்தன் வந்து நிண்டா வாய் தானா மூடும்.

ஆனா இந்தப் பதில்கள் தூரம் போகுது. அமெரிக்கா 1950கள்ல இருந்தே யுஎஸ்ஐஏ எண்ட தங்கட தகவல் நிறுவனம் மூலமா வெளிநாட்டுச் சனத்திட்ட கருத்துக் கேட்டது, 1999ல அதை மூடினாப் பிறகு ஸ்டேட் டிபார்ட்மென்ட் (அவங்கட வெளிநாட்டு அமைச்சு) அந்த வேலையை எடுத்துட்டுது. இதை மட்டும் வச்சு ஒருத்தரும் முடிவெடுக்கிறேல்லதான், ஆனா சனத்தின்ட மனசு கணக்கில வராமப் போனா என்ன ஆகும் எண்டதுக்கு எம்சிசி எண்ட அமெரிக்க உதவித் திட்டம் இருக்கு, காணி கையை விட்டுப் போயிரும் எண்டு இங்க எதிர்ப்புக் கிளம்பி இழுபட்டு கடைசியா 2020 டிசம்பர்ல அவங்களே 480 மில்லியன் டொலரையும் நிப்பாட்டிட்டாங்க.

எங்கட பிரச்சினை வேற. 2012 சென்சஸ்படி இலங்கைத் தமிழர் 11 வீதம் சொச்சம், அப்ப நாடு முழுக்க 1000 பேரிட்ட கேட்டா அதில எங்கட ஆக்கள் 110 பேர் மட்டில, அந்த 110ஐ மட்டும் பிரிச்சுப் பாத்தா முன்னப்பின்ன 9 வீதம் பிழைக்கும், அதிலயும் பாதிப் பேர் "நல்லம்" எண்டா மிச்சம் என்ன இருக்கு? வடக்குக் கிழக்கில கூடுதலா ஆக்களைச் சேத்துக் கேக்கோணும், அதுக்குக் காசு குடுக்க கிளையண்டுக்கு மனம் வராது.

மன்னார் மீனவரிட்ட இந்தியாவைப் பிடிக்குமா எண்டு கேட்டா, இந்தியாவின்ட 50,000 வீட்டுத் திட்டத்தில வீடு கிடைச்சவர் ஓம் எண்டுவார், இந்திய இழுவைப்படகு வலையை அறுத்தது ஞாபகம் வந்தா இல்லை எண்டுவார். ரெண்டும் உண்மை, ரெண்டையும் எழுதச் சொல்லி நிண்டு சொல்லுங்க.

எந்தக் கம்பனி எண்டு கேளுங்க, அதைச் சொல்லத்தான் வேணும். காசு குடுக்கிறது யார் எண்டதைப் பதில் சாயும் எண்டு சிலநேரம் கடைசியிலதான் சொல்லுவாங்க. தெரியாட்டி தெரியாது எண்டுங்க, அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு. வீட்டில யாரிட்டக் கேக்கிறது எண்டு போடுற குலுக்கல்ல மனிசியின்ட பேர் வந்தா மனிசிதான் சொல்லோணும் (ஐயாமார், தயவுசெஞ்சு பக்கத்தில இருந்து எடுத்துக் குடுக்காதீங்க). ரெண்டு நாளால "பொடியன் வந்தவனா, எவ்வளவு நேரம் இருந்தவன்" எண்டு கோல் வந்தா அது நாங்கதான், அவன் ஃபோமைக் கடையில இருந்து நிரப்பினானா எண்டு பாக்கிறம், பாவம் எண்டு காப்பாத்தாம உள்ளதைச் சொல்லுங்க.